'கிழவன்' என்னும் சொல்

'கிழமை' என்பது உரிமை. அதனின்று பிறந்த 'கிழவன்' உரியவனைக் குறித்தது. தொல்காப்பியம் அகத்திணைத் தலைவனை அப்பெயராற் சுட்டுகின்றது. இன்றோ அச்சொல் நரையையும் கூனலையும் பழிக்கும் ஏச்சாயிற்று.

கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் லயத்து வீடு வேலையோடு ஒட்டியிருந்தது. மரம் சீவும் கை தளர்ந்து வேலை நின்றால், உழைத்தவர் இருப்பிடமும் இழக்க நேர்ந்தது.

தனியார் துறையில் ஓய்வு வயது 60க்குக் குறையலாகாது என்னும் சட்டம் மலேசியாவில் 2013 சூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும், அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு விலக்கும் பாகுபாடுகளுள் சமயம், இனம், 2001இல் சேர்க்கப்பட்ட பாலினம் முதலியன உண்டு. வயதும் தோற்றமும் இல்லை.

சட்டம் தொடாத இடத்தை வகுப்பறை தொடலாம். ஆசிரியர் இச்சொல்லின் பழம்பொருளை எடுத்துரைப்பாராயின், அதனை ஏச்சாக வழங்கும் இளையோர் சிறிதேனும் தயங்குவர்.