"எல்லாம் நார்மல்தான், போங்க!" - செவ்வாய்க்கிழமை செக்கப்பில் கர்ப்பிணிகள் கேட்கத் தயங்கும் கேள்விகள்

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். புதன்கிழமை குழந்தைகளுக்குத் தடுப்பூசி. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றங்கரையில் இருக்கும் மூங்கில்துறைப்பட்டு ஆனாலும் சரி, கல்வராயன் மலை மேல் இருக்கும் வெள்ளிமலை ஆனாலும் சரி, இந்தக் கணக்கில் மாற்றமில்லை.

மூங்கில்துறைப்பட்டு என்றதும் கூட்டுறவு சர்க்கரை ஆலைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆலை, கரும்பு, வயல் வேலை என்று ஓடும் ஊர். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் மாத செக்கப்புக்குப் போகிறாள் என்றால், அன்றைய கூலியை விட்டுவிட்டுப் போகிறாள் என்று அர்த்தம். கூடவே மாமியாரோ அம்மாவோ வந்தால் இரண்டு பேர் கூலி. பக்கத்துக் கிராமத்திலிருந்து வருபவர் என்றால் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமும் சேர்ந்துகொள்ளும்.

அவ்வளவையும் கொடுத்துவிட்டுப் போகும் பெண்ணுக்கு, எந்த ஊரிலும் நடக்கக்கூடிய ஒரு செக்கப் எப்படி இருக்கும்? எடை மெஷினில் ஏறி இறங்குவாள். கையில் பிரஷர் பட்டையைக் கட்டுவார்கள், கழற்றுவார்கள். விரலில் ஒரு குத்து. அட்டையில் நான்கைந்து எண்கள் ஏறும். சத்து மாத்திரை கைக்கு வரும். "எல்லாம் நார்மல்தான், போங்க. அடுத்த மாசம் வாங்க."

யாரும் திட்டவில்லை. யாரும் காசு கேட்கவில்லை. புகார் என்று எழுதிக் கொடுக்க ஒரு வரிகூடத் தேறாது. ஆனாலும் வெளியே வரும்போது அந்தப் பெண்ணுக்கு மனசு நிறையவில்லை. "ரத்தம் எவ்வளவு இருக்குன்னு சொன்னாங்களா?" என்று வீட்டில் கேட்டால் பதில் தெரியாது. "ராத்திரி தலை வலிக்குதுன்னு சொன்னியா?" என்றால், சொல்ல நேரம் கிடைக்கவில்லை.

இந்தச் சின்ன ஏமாற்றத்தை 'கவர்மென்ட் ஆஸ்பத்திரின்னா அப்படித்தான்' என்று தள்ளிவிடுவதே வழக்கம். தனியார் கிளினிக்கில் பணம் கட்டி, டோக்கன் வாங்கி, அதே மூன்று நிமிடத்தில் திரும்பி வருபவர்களும் உண்டு என்பது வேறு விஷயம். ஆனால், கர்ப்ப காலத்தில் பெரிய விபரீதங்கள் பலவும் இப்படிச் சொல்லாமல் விட்ட, கேட்காமல் விட்ட இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

ஒரு வார்த்தை மாற்றம்

உலக சுகாதார நிறுவனம் 2016-ல் கர்ப்பகாலப் பராமரிப்புக்குப் புதிய வழிகாட்டுதல் வெளியிட்டது. அதுவரை குறைந்தது 4 முறை பரிசோதனை என்றிருந்ததை 8 முறை என்று மாற்றியது. எண்ணிக்கை மாறியது எல்லோருக்கும் தெரியும். கூடவே ஒரு வார்த்தையும் மாறியது. 'வருகை' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'தொடர்பு' என்ற சொல்லைப் போட்டார்கள். கர்ப்பிணி வந்து போவது மட்டும் போதாது, வந்தவருக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் உயிருள்ள ஒரு பேச்சு நடக்க வேண்டும் என்பதுதான் காரணம்.

தமிழ்நாட்டில் வருகைக்குக் குறைவில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இங்கே 99 சதவிகிதத்துக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. பெரிய சாதனைதான், சந்தேகமில்லை. அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. மாதாமாதம் வருகிறார்கள், மாத்திரை வாங்கிப் போகிறார்கள், ரத்தம் மட்டும் ஏறவில்லை.

ஏன்? மாத்திரை போட்டால் குமட்டுகிறது. மலம் கறுப்பாகப் போகிறது, மலச்சிக்கல் வருகிறது. பயந்துபோய் நிறுத்திவிடுகிறார்கள். மலம் கறுப்பாவது இரும்புச்சத்தால்தான், அதில் பயப்பட ஒன்றுமில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் குமட்டல் குறையும். டீ, காபியோடு சேர்த்துப் போட்டால் சத்து உடம்பில் ஒட்டாது. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் கிடைக்காத பெண்ணின் வீட்டில் அலமாரி மூலையில் மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் கிடக்கும்.

லட்லோவில் நடந்தது

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த ஓர் உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. பயிற்சி பெற்ற பேறுகால செவிலியர்களே கர்ப்பிணியை முதலிலிருந்து கடைசி வரை பார்த்துக்கொள்ளும் நாடு அது. வசதிக்கும் கருவிகளுக்கும் பஞ்சமில்லை.

அங்கே ஷ்ராப்ஷயர் பகுதியைச் சேர்ந்தவர் ரியானன் டேவிஸ். 2009-ல் நிறைமாதமாக இருந்தபோது, வயிற்றில் குழந்தையின் அசைவு குறைந்திருப்பதாகச் செவிலியர்களிடம் சொன்னார். அந்தப் பேச்சுக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை. 'ஆபத்து குறைந்த கர்ப்பிணி' என்ற பட்டியலிலேயே அவரை வைத்திருந்தார்கள். மருத்துவர்கள் இல்லாமல் செவிலியர்களே நடத்தும் லட்லோ என்ற சிறிய ஊரின் பிரசவ மையத்தில், 2009 மார்ச் 1-ம் தேதி கேட் பிறந்தாள். பிறக்கும்போதே கடுமையான ரத்தசோகை. ஹெலிகாப்டரில் வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சில மணி நேரமே உயிரோடு இருந்தாள். தவிர்த்திருக்கக்கூடிய மரணம் என்று 2012-ல் விசாரணை மன்றம் சொன்னது.

பெற்றோர் அதோடு விடவில்லை. அதே மருத்துவமனை அமைப்பில் 2016-ல் குழந்தையைப் பறிகொடுத்த இன்னொரு தம்பதியும் சேர்ந்துகொண்டார்கள். 2017-ல் 23 குடும்பங்களின் வழக்குகளோடு அரசு விசாரணை தொடங்கியது. விசாரணைக்குத் தலைமை தாங்கிய டோனா ஒக்கெண்டனே ஒரு மூத்த பேறுகால செவிலியர். 2022 மார்ச்சில் அறிக்கை வந்தபோது குடும்பங்களின் எண்ணிக்கை 1,486. சரியான கவனிப்பு இருந்திருந்தால் 201 குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும் என்றது அறிக்கை. பக்கத்துக்குப் பக்கம் அதில் திரும்பத் திரும்ப வரும் குறை ஒன்று உண்டு: தாய் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

மூங்கில்துறைப்பட்டுக்கும் லட்லோவுக்கும் தூரம் அதிகம்தான். ஆனால், 'குழந்தை முன்ன மாதிரி துடிக்கல' என்று ஒரு பெண் சொல்வதும், 'அதெல்லாம் ஒண்ணுமில்ல, கடைசி மாசம்னா அப்படித்தான்' என்று பதில் வருவதும் எந்த மொழியிலும் நடக்கக்கூடியதே. பிரசவம் நெருங்கும்போது குழந்தை அசைவைக் குறைத்துக்கொள்ளும் என்பது நம் வீடுகளிலும் புழங்கும் நம்பிக்கை. அது தவறு. அசையும் விதம் மாறலாம், அசைவு குறையக் கூடாது.

நர்ஸம்மா மீது மட்டும் பழி போடலாமா?

கூடாது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசு வகுத்த கணக்கு. அங்கே இருக்கும் கிராம சுகாதார செவிலியர்தான் கர்ப்பிணியைப் பதிவு செய்ய வேண்டும், வீடு வீடாகப் போக வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், குடும்பக்கட்டுப்பாடு பேச வேண்டும், எல்லாவற்றையும் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதைவிட, பூர்த்தி செய்யாத கட்டங்களைப் பார்ப்பது அவசரமாகிவிடுகிறது. கட்டம் காலியாக இருந்தால் மேலதிகாரி கேட்பார். பேசாமல் அனுப்பினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இதற்குப் பின்னால் 50 வருடக் கதை இருக்கிறது. துணை செவிலியர் என்ற பணியே ஆரம்பத்தில் பேறுகாலத்தை மையமாக வைத்து உருவானது. 1973-ல் கர்தார் சிங் குழு பரிந்துரைத்தபடி அவர்கள் 'பல்நோக்கு' சுகாதாரப் பணியாளர்களாக மாற்றப்பட்டார்கள். பிறகு பயிற்சிக் காலமும் 24 மாதத்திலிருந்து 18 மாதமாகக் குறைந்தது. பிரசவம் பார்க்கத் தெரிந்தவர் என்ற அடையாளம் கரைந்து, எல்லா வேலைக்கும் ஓடுபவர் என்று ஆனது. இதைச் சரிசெய்யத்தான் 2018-ல் மத்திய அரசு, பேறுகாலத்துக்கென்றே 18 மாதச் சிறப்புப் பயிற்சி பெறும் செவிலியர்களை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தது. கிராமத்துத் துணை நிலையத்தில் உட்கார்ந்திருப்பவர் இன்னும் அதே பல்நோக்குக்காரர்தான்.

பக்கத்தில் இருக்கும் இலங்கையில் வேறு மாதிரி. அங்கே தமிழ்ப் பகுதிகளில் 'குடும்பநல உத்தியோகத்தர்' என்று அழைக்கப்படும் பேறுகாலப் பணியாளர், தன் பகுதியின் கர்ப்பிணிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார். 1926-ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்த முறை அது. தாய்மை என்பதே அவர் வேலையின் நடுப்புள்ளி.

ஏன் வாய் திறப்பதில்லை?

பயம்தான். பதிவு எண் நர்ஸம்மாவின் கையில் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்துக் கிடைக்கும் 18,000 ரூபாய்க்கு அந்த எண் வேண்டும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். 'ஏதாவது கேட்டு வைத்து, அவங்க கோபப்பட்டு, பணம் நின்னுபோச்சுன்னா?' என்று மாமியாரே மருமகளை அடக்குவார். உதவித்தொகை சலுகை கிடையாது, அரசு அறிவித்த உரிமை. கேள்வி கேட்டதற்காக அதை நிறுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை.

சண்டை போடவும் தேவையில்லை. 'சிஸ்டர், எவ்வளவு?' என்ற ஒரு கேள்வி பல வேலையைச் செய்யும். பிரஷர் எவ்வளவு? 140/90-ஐ எட்டினால் அது நார்மல் இல்லை. ரத்தம் எவ்வளவு? 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. 7-க்குக் கீழே என்றால் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாத நிலை, மருத்துவமனைக்குப் போக வேண்டும். இடைப்பட்ட நிலையில், மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றும் வசதியும் இருக்கிறது, கேட்கலாம். சிறுநீரில் உப்பு பார்த்தீர்களா என்பதும் அவசியமான கேள்வி. பிரஷரும் உப்பும் சேர்ந்து ஏறினால் வலிப்பு வரை போகக்கூடும்.

சர்க்கரைப் பரிசோதனைக்குத் தனியாக ஒரு குறிப்பு. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் பார்ப்பது நம் நாட்டு முறை. சென்னையின் மூத்த சர்க்கரை நோய் மருத்துவர் வி.சேஷய்யா முன்னெடுத்தது. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை, சாப்பிட்டுவிட்டும் வரலாம் என்பதுதான் இதன் அருமையே. விடியற்காலை பட்டினியோடு பஸ் ஏறி, மயங்கி விழும் பெண்களுக்காகவே யோசித்ததுபோல இருக்கும். 140-ஐத் தொட்டால் அது கர்ப்பகாலச் சர்க்கரை. அந்த 2 மணி நேரம் உட்கார முடியாமல் பாதியில் கிளம்பிவிடுபவர்கள்தான் இந்தப் பரிசோதனையைத் தவறவிடுகிறார்கள்.

செக்கப்பில் திருப்தி இல்லையென்றால் அடுத்த மாதம் வரை பொறுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி, நான்காவது மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை அரசு மருத்துவமனைகளில் மருத்துவரே பார்க்கும் திட்டம் 2016-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அட்டையை எடுத்துக்கொண்டு அங்கே போகலாம். நிலையத்தின் மருத்துவ அலுவலரிடம் நேரில் சொல்லலாம். 104 என்ற எண்ணில் ஆலோசனையும் கேட்கலாம், குறையும் சொல்லலாம். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100. வீட்டில் பேச ஆள் இருந்தால், கணவரே கூடப் போய்ப் பக்கத்தில் நின்று கேட்பது நல்லது. கேள்விகளை போனில் டைப் செய்து வைத்துக்கொண்டு போனால், பதற்றத்தில் மறக்காது.

விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம், உதிரப்போக்கு, தண்ணீர்க்குடம் உடைவது, குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது - இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்காமல் அன்றே, அது ராத்திரியாக இருந்தாலும், பிரசவ வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வண்டிக்கு 108.