ஸாளக்ராமமும் அரியலூர்ச் சுருட்கல்லும்

புதுக்கோட்டைச் சீமையின் திருமெய்யத்தில் எம்பெருமான் குன்றைக் குடைந்த குகையில் பள்ளிகொண்டருளுகிறான். அக்குன்று பெருவெப்பத்தில் உருவான கருங்கல்லாதலின் அதில் பண்டை உயிர்களின் சுவடு இராது. வடக்கே அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளிலோ, திருவாழி போலச் சுருண்ட கற்கள் கிடைக்கின்றன. இவற்றையும் ஸாளக்ராமமாகக் கொண்டு திருவாராதனம் செய்யலாமோ என்னும் வினா ஆராயத்தக்கது.

அரியலூர்ப் படிவுகள் கிரெட்டேசியஸ் காலத்தவை. டைனோசர்கள் நிலத்தில் உலவிய அக்காலத்தில் கடல் இங்கு உள்நாடுவரை பரவியிருந்தது. அக்கடலில் வாழ்ந்த அம்மோனைட்டு என்னும் உயிரின் ஓடே இச்சுருட்கல். அது வளருந்தோறும் புதிய அறை கட்டி, பழையதைத் தடுப்பிட்டு மூடும். ஓட்டின் புறத்தே உள்ள வரிமேடுகள் சக்கரத்தின் ஆரங்களாகத் தோன்றுகின்றன. 19-ஆம் நூற்றாண்டிலேயே பிளான்போர்டும் ஸ்டோலிச்காவும் இவற்றை ஆராய்ந்து எழுதினர். ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு இவ்வினமும் அழிந்தது.

கண்டகீ நதியின் ஸாளக்ராமங்களிலும் இவ்வினத்தின் சுவடே காணப்படுகிறது. அவை இன்னும் பழையன. டெதிஸ் கடலின் கருஞ்சேற்றில் ஜுராசிக் காலப் பிற்பகுதியில் புதைந்தவை. இமயம் எழுந்தபோது அக்கடற்படுகையும் உயர்ந்தது. முக்திநாதத்தின் பக்கத்துப் பாறைகளிலிருந்து கழன்ற உருண்டைகளை நதி உருட்டி வழுவழுப்பாக்குகிறது.

வஜ்ரகீடம் என்னும் புழு கல்லைத் துளைத்துச் சக்கரம் அமைத்தது என்பது புராண வழக்கு. ஓடு முன்னும் கல் பின்னும் உண்டாயின என்பது நிலவியல். முறை வேறாயினும், சக்கரம் மனிதன் உளியால் ஆனதன்று, ஓர் உயிரால் ஆனது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. ஸாளக்ராமத்துக்கு ப்ரதிஷ்டை வேண்டா என்னும் கொள்கைக்கு இதனால் குறைவில்லை.

அங்ஙனமாயின் அரியலூர்க் கல்லும் ஆகாதோ எனின், ஆகாது. உருவ ஒற்றுமையே காரணமாயின் த்வாரகா சிலை விலக்கப்பட வேண்டும். அது பவளப்பூச்சியின் சுவடு, அம்மோனைட்டு அன்று. ஆயினும் அதை ஸாளக்ராமத்தோடு சேர்த்து ஆராதிப்பது வழக்கம். ஆகவே உயிரின் இனமோ சுருளின் அழகோ இங்கு ப்ரமாணமன்று. சாஸ்த்ரம் சொன்ன க்ஷேத்ர ஸம்பந்தமே ப்ரமாணம். கல் எவ்வாறு உண்டாயிற்று என்பதை நிலவியல் சொல்லும். அதில் எம்பெருமான் உகந்து எழுந்தருளியிருப்பதைச் சாஸ்த்ரமே சொல்லும்.

அரியலூர்க் கற்களைப் பெயர்த்துக் கோயிலாழ்வாரில் சேர்க்காது, கிடந்த இடத்திலேயே காத்தல் நன்று. அவையும் அவன் படைப்பின் பழஞ்சுவடுகளே.