செல்லுக்குள் ஒரு பயணம் – 14: ஊசியும் ஓர் எழுத்தும்

“சின்ன வயசுல ஊசி போட்டாங்க, அதுல காது போயிருச்சு.” இப்படிச் சொல்பவர்கள் நம் ஊர்களில் உண்டு. காய்ச்சலால் போயிருக்கும் என்று கேட்பவர்கள் தள்ளிவிடுவார்கள். சில குடும்பங்களில் அந்தப் பேச்சு முழுக்க உண்மை. காரணம், மைட்டோகாண்ட்ரியாவின் பூர்வீகம்.

செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபியை அது எப்படித் தயாரிக்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அது தனியாக வாழ்ந்த ஒரு பாக்டீரியா. இன்னொரு செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. அதனால்தான் இன்றும் அதற்கென்று தனி டிஎன்ஏ இருக்கிறது: 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். புரதம் செய்ய ரைபோசோமும் தனி.

இனி ஊசிக்கு வருவோம். 1943-ல் கண்டுபிடிக்கப்பட்ட கிருமிக்கொல்லி மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின், அதன் இனத்தைச் சேர்ந்த ஜென்டாமைசின், அமிகாசின் எல்லாமே பாக்டீரியாவின் ரைபோசோமைத்தான் தாக்குகின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் ரைபோசோம் அதற்கு உறவு என்றாலும், மருந்து ஒட்டும் இடத்தில் சற்று மாறுபட்டிருப்பதால் பெரும்பாலோருக்குத் தப்பிவிடுகிறது. சிலருக்கு மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் இந்த ரைபோசோமுக்கான பகுதியில் உள்ள 1555-வது எழுத்து ‘ஏ’ என்பதற்குப் பதில் ‘ஜி’ என்றிருக்கும். அந்த ஒற்றை மாற்றத்தால் அந்த இடம் பாக்டீரியாவுடையதைப் போலவே ஆகிவிடுகிறது. கிருமிக்குப் போட்ட மருந்து நம் மைட்டோகாண்ட்ரியாவிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. 1993-ல் சீனக் குடும்பங்களையும் ஓர் அரபு-இஸ்ரேலியக் குடும்பத்தையும் ஆராய்ந்தபோது இது தெரியவந்தது.

ஏன் காது மட்டும்? உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 தான். மயிரிழையின் நுனியில் ஒலி அதிர்வுக்குத் திறக்கும் நுண்துளை வழியாகவே மருந்து உள்ளே போகிறது. போனது எளிதில் வெளியேறுவதில்லை. சக்தி அதிகம் தேவைப்படும் செல் அது. மைட்டோகாண்ட்ரியா முடங்கினால் செத்துவிடும். மனிதருக்கு மறுபடி முளைக்காது. அளவு மீறினால் இந்த மருந்துகள் யார் காதையும் கெடுக்கும். இந்த மாற்றம் உள்ளவர்களுக்கோ சாதாரண அளவே போதும், சில சமயம் ஒரே ஊசி.

மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருவது. அம்மாவுக்கு இந்த மாற்றம் இருந்தால் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வரும். பெரியம்மா, சித்தி பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் இருக்கும். தாய்மாமனுக்கு இருக்கலாம், அவர் பிள்ளைகளுக்கு அவர் மூலம் வராது.

பிரிட்டனில் சுமார் 500 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. மான்செஸ்டரில் பச்சிளம் குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்தெடுத்து, 26 நிமிடத்தில் இந்த எழுத்தைப் படித்துவிடும் சோதனையை உருவாக்கினார்கள். மாற்றம் தெரிந்த குழந்தைக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். 2022-ல் அதன் முடிவுகள் வெளிவந்தன. நம் பிரசவ ஆஸ்பத்திரிகளுக்கும் இப்படி ஒரு சோதனை வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பச்சிளம் குழந்தைக்குக் கிருமித்தொற்று என்றால் இங்கேயும் முதலில் எடுக்கும் மருந்துகளில் ஒன்று ஜென்டாமைசின்தான்.

அதற்காக ஊசி வேண்டாம் என்று மறுத்துவிடாதீர்கள். எத்தனையோ குழந்தைகளின் உயிரைக் காத்த மருந்து அது. உங்கள் அம்மா வழியில் யாருக்காவது ஊசிக்குப் பிறகு காது கேட்காமல் போயிருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.