வீடு வாங்குவோரின் சங்கபலம்

சொந்த வீடு என்பது நம்மவரின் ஆசைகளில் தலையாயது. அதற்காகக் குடும்பஸ்தன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை முன்பணமாகக் கொடுக்கிறான்; மீதிக்குப் பாங்கியில் கடன்படுகிறான். குறித்த காலத்தில் வீடு கைக்கு வராவிடில், குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் குடிபோகாத வீட்டுக்குத் தவணையும் அவன் தலைமேல் ஏறுகின்றன. அவன் தனியனாகச் சென்று கேட்டால் கட்டிட முதலாளி செவிசாய்ப்பது அரிது. தனியனின் சொல் ஏறாத சபையிலும் நூறு பேரின் சொல் ஏறும் என்பதே சமீப ஆண்டுகளின் அனுபவம் புகட்டும் பாடமாகும்.

ஆம்ரபாலி வழக்கை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டில்லியை அடுத்த நொய்டாவிலும் கிரேட்டர் நொய்டாவிலும் அந்த ஸ்தாபனத்தை நம்பிப் பணம் கட்டியவர்கள் 42,000 பேருக்கு மேற்பட்டவர். 2017-இல் பாங்கியொன்று தன் கடனுக்காகத் திவால் நடவடிக்கை தொடங்கிற்று. பாங்கியின் கடனுக்குப் பின்னால் தங்கள் பணம் தள்ளப்படுவதைக் கண்ட ஜனங்கள் ஒன்றுகூடிச் சுப்ரீம் கோர்ட்டை அடைந்தனர். கோர்ட்டார் கணக்குகளைத் தணிக்கை செய்வித்தபோது, வாங்குவோரின் பணம் வேறு காரியங்களுக்குத் திருப்பப்பட்டதும், சதுர அடி ஒரு ரூபாய் என்ற பெயரளவு விலைக்குக்கூட வீடுகள் பதிவு செய்யப்பட்டதும் வெளியாயின. 2019 ஜூலை 23-ஆம் தேதி நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் யு. யு. லலித்தும் அந்த ஸ்தாபனத்தின் பதிவை ரத்து செய்து, எஞ்சிய வீடுகளைக் கட்டிமுடிக்கும் பொறுப்பை மத்திய சர்க்காரின் கட்டிட நிர்மாணக் கார்ப்பொரேஷனிடம் ஒப்படைத்தனர். பாங்கிகளும் நில அதிகாரிகளும் தங்கள் பாக்கிக்காக ஜனங்களின் வீடுகளில் கைவைக்கலாகாது என்றும் விதித்தனர். வாங்கியோர் தங்கள் பாக்கித் தொகையைச் செலுத்தவும் உத்தரவாயிற்று. சங்கபலம் இன்றேல் இத்தீர்ப்பு கிட்டியிருக்குமா?

ஆயினும், கூட்டம் சேர்ந்தால் மாத்திரம் போதாது, முறையும் வேண்டும். வீடு கட்டித் தருவதும் ஒரு சேவையே, அதில் குறை நேர்ந்தால் நுகர்வோர் மன்றத்தை நாடலாம் என்பது 1993-இல் லக்னௌ வளர்ச்சி ஆணைய வழக்கிலேயே ஸ்திரப்பட்டுவிட்டது. பலர் சார்பில் சிலர் பிராது கொடுக்கவும் சட்டம் இடந்தருகிறது. பெங்களூரில் 1,134 வீடுகள் கொண்ட ஒரு வளாகத்தில் 51 வீடுகளை வாங்கிய 91 பேர், எல்லோர் சார்பிலும் பிராது கொடுத்தனர். 2021 டிசம்பர் 17-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொன்னது யாது? அனைவருடைய குறையும் ஒன்றே என்பதற்கான விவரம் பிராதில் காணப்படவில்லை. ஆகவே எல்லோருக்கும் பிரதிநிதிகளாக அவர்கள் நிற்க இயலாது. தங்கள் அளவில் கூட்டாக வழக்கை நடத்தலாம் என்பதே. தருமபுரி ஜில்லாவிலிருந்து பிழைப்பின் நிமித்தம் பெங்களூர் சென்று அங்கே வீடு வாங்க எண்ணுவோர் இத்தீர்ப்பை மனத்தில் இருத்துதல் நலம்.

திவால் சட்டத்தின் கதை வேறு. 2018-இல் வீடு வாங்குவோருக்கும் நிதிக் கடன்காரர் என்ற அந்தஸ்து வழங்கப்பட்டது. பாங்கிகளோடு சமமாக அமர்ந்து வாக்களிக்கும் உரிமை பிறந்தது. 2019 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. ஆனால் 2020-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒரே திட்டத்தில் வாங்கியோரில் 100 பேரோ, பத்தில் ஒரு பங்கினரோ, எது குறைவோ அத்தனை பேர் சேர்ந்தாலன்றித் திவால் மனு கொடுக்க இயலாது என்று விதித்தது. 2021 ஜனவரியில் இதுவும் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அற்ப காரணத்துக்காக ஒருவர் முழுத் திட்டத்தையும் முடக்கலாகாது என்ற நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் அடுத்த வீட்டுக்காரர் யாரென்றே அறியாத நிலையில் வாங்கும் ஒருவன், மற்றவர்களை எங்கே சென்று தேடுவான்? ஆகவே, இடர் வருமுன்னரே சங்கம் அமைத்தல் அவசியம் என்பதே நமது அபிப்பிராயம்.

அதற்கும் சட்டத்தில் வழியுண்டு. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, பாதிக்கு மேற்பட்ட வீடுகள் பதிவானதும் மூன்று மாதத்துக்குள் வாங்குவோர் சங்கம் அமைய முதலாளி வகைசெய்ய வேண்டும். வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து, நிலத்துக்கும் நிர்மாணத்துக்குமே செலவிட வேண்டும். எழுத்து மூலமான ஒப்பந்தம் பதிவாகுமுன் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் பெறலாகாது. பிராதைச் சங்கமே கொடுக்கலாம். இச்சட்டம் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு மாத்திரமன்று, மனைப்பிரிவுகளுக்கும் உரியது. மலைவாழ் மக்கள் வசிக்கும் வத்தல்மலையின் அடிவாரத்திலும் நாளை ஒருவர் நிலத்தைக் கூறுபோட்டு விற்க வந்தால், பதிவு எண் உண்டா என்பதே முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும்.

கட்டிட முதலாளிகள் அனைவரும் மோசக்காரர் என்று நாம் கூறவில்லை. நேர்மையாளருக்குச் சங்கத்தினால் யாதொரு தீங்குமில்லை. சட்டங்கள் ஏட்டில் இருக்கின்றன. அவற்றை எடுத்து வழங்கும் கை ஜனங்களுடையது. ஊர்ப் பொதுக்காரியங்களில் ஈடுபட்டுள்ள ஊழியர்கள் வீடும் மனையும் வாங்குவோரைத் திட்டந்தோறும் ஒன்றுசேர்த்து, ரசீதுகளையும் ஒப்பந்தங்களையும் பத்திரப்படுத்தக் கற்பிப்பார்களானால், பல குடும்பங்கள் நடுத்தெருவில் நிற்காமல் தப்பும். இக்காரியத்துக்கு இதுவே தருணம்.