பக்கம் கொணரும் தூதன்

இணையப் பக்கமொன்றைப் பெற உலாவியைத் திறத்தல் வேண்டுமென்பதில்லை. கணினி நிரலே அதனைக் கொணரவல்லது. பைதன் மொழியில் 2011இல் வெளிவந்த ‘ரிக்குவெஸ்ட்ஸ்’ என்னும் நிரற்றொகுதி, முன்பு பல வரிகளில் எழுதப்பட்ட இவ்வேலையை ‘கெட்’ என்னும் ஒரே கட்டளையில் அடக்கிற்று. முகவரியைக் கொடுத்தால் விடை வந்து சேரும்.

ஆயினும், வந்ததெல்லாம் வேண்டிய பக்கமாகிவிடாது. விடையோடு ஓர் எண்ணும் வரும்: 200 எனில் வேண்டுகோள் நிறைவேறியது, 404 எனில் அப்பக்கம் அங்கில்லை. 404 வந்தபோதும் நிரல் தானாக நிற்பதில்லை. ‘இல்லை’ என்னும் அறிவிப்பையே பக்கமென்று ஏற்று மேற்செல்லும். ஆதலின் எண்ணை முதலிற் பார்த்தல் வேண்டும்.

இதனினும் இடர்தருவது காத்திருப்பு. காலவரையறை குறியாவிடின், மறுமுனைக் கணினி வாய்திறவாதபோது இத்தூதன் வாயிலிலேயே நிற்பான். இரவில் இயங்கவிட்ட நிரல் விடியும்போதும் முதற் பக்கத்தையே எதிர்பார்த்திருக்கும். கட்டளையில் ‘டைம்அவுட்’ 10 என்று சேர்த்துவிட்டால், பத்து விநாடி மௌனத்தின்பின் பிழையென்று அறிவித்துத் திரும்பிவிடுவான்.