தார்ப்பாயை அவிழ்த்துப் பார்க்கும் உரிமை

கோவையிலிருந்து பாலக்காட்டுக்குப் போகிறவர்களுக்கு வாளையார் என்றால் இன்றும் செக்போஸ்ட்தான். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்து விற்பனை வரிச் சோதனை முடிவுக்கு வரும்வரை, நெடுஞ்சாலையில் லாரிகள் நீண்ட வரிசையில் நின்ற இடம் அது. டிரைவர்கள் பில்லைக் கையில் பிடித்தபடி மணிக்கணக்கில் காத்திருந்தார்கள். பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது ஒரு வேலை. தார்ப்பாயை அவிழ்த்து, உள்ளே இருப்பது அந்தச் சரக்குதானா என்று பார்ப்பது வேறு வேலை. சோதனைச்சாவடியின் உயிர் இந்த இரண்டாவது வேலையில் இருக்கிறது.

கணினிக்கும் இது பொருந்தும். நாம் நிறுவுகிற மென்பொருளுக்குப் பெயர் உண்டு, பதிப்பு எண் உண்டு, தயாரித்தவர் பெயரும் உண்டு. அதெல்லாம் பில். உள்ளே ஓடுகிற நிரல்தான் சரக்கு. அந்தச் சரக்கை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்ற உரிமையைத் தருவது கட்டற்ற மென்பொருள். அந்த உரிமை கையில் இருந்தும் யாரும் பார்க்காவிட்டால் என்ன ஆகும், ஒருவர் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குச் சில ஆண்டுகளில் நடந்த சம்பவங்களே போதும்.

பாலக்காட்டுக்கு வந்த பூட்டு

வரிச் சோதனை நிற்பதற்கு ஏழு வாரம் முன்பு, 2017 மே 12-ஆம் தேதி, 'வானாக்ரை' என்ற நச்சுநிரல் உலகமெங்கும் பரவத் தொடங்கியது. கணினியில் உள்ள கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமானால் 300 டாலரை பிட்காயினில் கட்டு என்று திரையில் எழுதியது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. கேரளத்தில் வயநாட்டின் தரியோடு ஊராட்சி அலுவலகம் சிக்கியது. அடுத்த ஓரிரு நாளில் பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்தில், பணியாளர், கணக்குப் பிரிவுகளைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்ட கணினிகள் பூட்டப்பட்டன.

அது புகுந்த வழியைக் கவனிக்க வேண்டும். ஓர் அலுவலகத்தில் கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ள 'எஸ்.எம்.பி.' என்ற நெறிமுறையைப் பயன்படுத்துகின்றன. விண்டோஸில் அதன் பழைய பதிப்பில் ஓர் ஓட்டை இருந்தது. அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. உருவாக்கி வைத்திருந்ததாகக் கருதப்படும் தாக்குதல் கருவி ஒன்று அந்த ஓட்டையைப் பயன்படுத்தியது. 2017 ஏப்ரலில் அது வெளியே கசிந்தது. ஒரு கணினியில் புகுந்தால் போதும், அதே வலைப்பின்னலில் இருக்கும் மற்றவை தாமாகவே வீழ்ந்தன. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை.

இதில் நெஞ்சை உறுத்துவது ஒரு தேதி. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. தாக்குதலுக்கு முன் 59 நாள் அவகாசம் இருந்தது. விண்டோஸ் 7 வைத்திருந்தவர்களுக்குத் திருத்தம் வாசல்வரை வந்து நின்றது. பலர் கதவைத் திறக்கவில்லை. ஆதரவுக் காலம் முடிந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கோ, தாக்குதல் தொடங்கிய பிறகுதான் அவசரத் திருத்தம் கிடைத்தது.

லினக்ஸ் என்பதால் மட்டும் தப்ப முடியாது

அந்த வாரத்தில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அது பன்னிரண்டு நாள்தான் நீடித்தது. லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகளில் இதே கோப்புப் பகிர்வைச் செய்யும் மென்பொருள் 'சாம்பா'. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிஜெல் 1990-களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கியது. அதிலும் கடுமையான ஓட்டை இருப்பதாக மே 24-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. 2010-இல் வெளியான 3.5.0 முதல் எல்லாப் பதிப்புகளிலும் அது இருந்தது. ஏழு ஆண்டுகளாக மூலநிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்தே கிடந்தும் ஓட்டை அங்கேயே இருந்திருக்கிறது.

அறிவிப்போடு திருத்தமும் அன்றே வந்தது. உடனே போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். விண்டோஸ் ஆனாலும் லினக்ஸ் ஆனாலும் திருத்தம் வந்த நாளுக்கும் அதை நாம் போட்டுக்கொண்ட நாளுக்கும் இடையே உள்ள காலம்தான் ஆபத்தான காலம். அதைக் குறைப்பதுதான் பாதுகாப்பு.

பில் சுத்தம், சரக்கு நஞ்சு

2024 மார்ச்சில் நடந்தது இன்னும் ஆழமானது. 'எக்ஸ்ஸி' என்பது கோப்புகளைச் சுருக்கும் சின்ன மென்பொருள். ஏறத்தாழ எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கும். பின்லாந்தைச் சேர்ந்த லாசி காலின் அதைப் பல ஆண்டுகளாகத் தனியாளாக, சம்பளம் இல்லாமல் பராமரித்து வந்தார். 2021 முதல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். பொறுமையாக, நல்ல திருத்தங்களாக அனுப்பினார். வேறு சில பெயர்களிலிருந்து, வேலை மெதுவாக நடக்கிறது, பொறுப்பை இன்னொருவருக்கும் கொடுங்கள் என்று காலினுக்கு நெருக்கடி வந்தது. பொறுப்பில் ஜியா டானுக்கும் பங்கு கிடைத்தது.

2024 பிப்ரவரி, மார்ச்சில் வெளிவந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் அந்த ஆள் ஒரு பின்வாசல் வைத்தார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் 'எஸ்.எஸ்.எச்.' வழியாக, தன்னிடம் உள்ள சாவியால் கணினியைக் கைப்பற்ற அது இடம் கொடுத்தது. பொதுவில் எல்லோரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில், பின்வாசலை இயக்கிவிடும் வரிகள் இல்லை. அவை வெளியீட்டுப் பொதிக்குள் மட்டும் இருந்தன. வாளையார் மொழியில் சொன்னால், பில்லில் ஒன்று, லாரியில் வேறொன்று.

அதைப் பிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட், 'போஸ்ட்கிரஸ்' தரவுத்தள நிரலாளர். பாதுகாப்பு அவருடைய துறையே அல்ல. எஸ்.எஸ்.எச். வழியாக நுழையும்போது வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கண்டார். அதைச் சும்மா விடாமல் நூல் பிடித்துப் போய், மார்ச் 29-ஆம் தேதி உலகுக்குச் சொன்னார். லினக்ஸ் தொகுப்புகளின் சோதனைப் பதிப்புகளிலும் உடனுக்குடன் புதுப்பிக்கப்படும் பதிப்புகளிலும் மட்டுமே நஞ்சு அதற்குள் சேர்ந்திருந்தது. உபுண்டு, டெபியன் ஆகிய தொகுப்புகளின் நிலையான பதிப்புகள் தப்பின.

மூலநிரல் மூடிக் கிடந்திருந்தால் ஃபிராய்ண்டுக்கு அரை விநாடி தாமதம் மட்டுமே தெரிந்திருக்கும், காரணம் தெரிந்திருக்காது. தார்ப்பாயை அவிழ்க்கும் உரிமை அவருக்கு இருந்தது, அவிழ்த்தார். உலகம் தப்பியதற்கு இரண்டும் காரணம்.

நம் வீட்டிலும் அலுவலகத்திலும்

செய்ய வேண்டியவை அதிகமில்லை. விடாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் இயங்குதளத்தின் ஆயுள் எதுவரை என்று தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. உபுண்டு 22.04-க்கு 2027 ஏப்ரல்வரை இலவசத் திருத்தங்கள் வரும். பழைய கணினி நன்றாக ஓடுகிறதே என்று ஆயுள் முடிந்த இயங்குதளத்தை இணையத்தில் இணைக்காதீர்கள். அதே கணினியில் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவினால் இன்னும் சில ஆண்டுகள் பத்திரமாக உழைக்கும்.

வேலைக்கான கணினியில் நீண்டகால ஆதரவுள்ள நிலையான பதிப்பையே வையுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக இறங்கும்படி அமைத்துவிடுங்கள். புத்தம் புதியதைச் சோதித்துப் பார்க்க ஆசை என்றால் அதற்கு வேறு கணினி.

முக்கியமான கோப்புகளுக்கு மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். நகல் எடுத்ததும் அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். கணினியோடு இணைந்தே இருக்கும் நகலையும் நச்சுநிரல் பூட்டிவிடும். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகல் அல்ல.

இயங்குதளத்தை இறக்கும்போது, தயாரிப்பாளர் வெளியிடும் 'ஷா-256' கூட்டெண்ணை (கோப்பின் கைரேகை போன்றது) உங்கள் கோப்பின் கூட்டெண்ணோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பு வேண்டாம். சர்வர் வைத்திருந்தால் எஸ்.எஸ்.எச்.-க்குக் கடவுச்சொல்லை விட்டுச் சாவிக்கோப்புக்கு மாறுங்கள். 'ரூட்' பயனர் நேரடியாக நுழைவதைத் தடுத்துவிடுங்கள். இணையத்தில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

அரை விநாடியைக் கவனிக்கும் பிள்ளைகள்

2001 ஜூலையில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அதன்பின் கேரளப் பள்ளிகள் படிப்படியாக லினக்ஸுக்கு மாறின. பள்ளிக் கணினித் திட்டத்தை நடத்தும் 'கைட்' நிறுவனம் 2019-இல் இரண்டு லட்சம் கணினிகளுக்குப் புதிய லினக்ஸ் தொகுப்பைத் தந்தபோது, உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்குச் சொன்னது. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணினிப் பாடநூல் தமிழிலேயே கிடைக்கிறது. கட்டற்ற மென்பொருள் பற்றி 2012 ஜனவரி முதல் வெளிவரும் 'கணியம்' இதழும், து. நித்யாவின் லினக்ஸ் நூலும் தமிழில் படிக்க இலவசமாகவே கிடைக்கின்றன.

பணம் மிச்சமானது நல்லது. அதைவிடப் பெரிய சொத்து, மூலநிரலைத் திறந்து பார்க்கலாம் என்ற உரிமை அந்தப் பிள்ளைகள் முன்னால் இருக்கும் ஒவ்வொரு கணினியிலும் இருப்பது. பெரும்பாலான பிள்ளைகள் அதைத் தொடாமலே பள்ளியை முடிக்கிறார்கள். 2018-இல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்களில் மாதம் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாம். ஒரு பொதியின் கூட்டெண்ணைச் சரிபார்க்கட்டும். புதிய பதிப்பில் என்ன மாறியது என்ற குறிப்பை வாசிக்கட்டும். ஒரு பிழையைக் கண்டால் எப்படித் தெரிவிப்பது என்று கற்கட்டும்.

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை, "டீச்சர், நேத்தைவிட இன்னைக்கு இது மெதுவா தொறக்குது" என்று சொல்லும் நாள் வரும். "பேசாம வேலையைப் பாரு" என்று அன்றைக்குச் சொல்லிவிடாதீர்கள். ஏன் என்று அந்தப் பிள்ளையோடு சேர்ந்து தேடுங்கள்.