மைய வணிகப் பகுதி

மைய வணிகப் பகுதி என்பது ஒரு நகரத்தின் வணிகம், நிதி, அலுவலகப் பணிகள் ஆகியவை செறிந்து காணப்படும் பகுதியாகும். பொதுவாக, நகரத்திலேயே மிகக் கூடிய நில மதிப்பும், மிக உயரமான கட்டடங்களும், பகல் நேரத்தில் மிகுந்த மக்கள் நடமாட்டமும் இப்பகுதியில் காணப்படும். பேருந்து, தொடர்வண்டி ஆகியவற்றின் வழித்தடங்கள் இங்கே வந்து கூடுகின்றன. ஆங்கிலத்தில் இது "சென்ட்ரல் பிசினஸ் டிஸ்ட்ரிக்ட்" என்றும், சுருக்கமாக "சி.பி.டி." என்றும் அழைக்கப்படுகின்றது.

மைய வணிகப் பகுதி நகரத்தின் நிலப்பரப்புக்கு நட்ட நடுவில் இருக்கவேண்டும் என்பதில்லை. சென்னையின் பழைய வணிக மையமான ஜார்ஜ் டவுன், நகரத்தின் கிழக்கு விளிம்பில் கடற்கரையை ஒட்டியுள்ளது. இங்கு "மைய" என்பது அமைவிடத்தைவிடப் பங்களிப்பையே குறிக்கின்றது.

## பெயர்கள்

ஒரே வகையான பகுதியை வெவ்வேறு நாட்டினர் வெவ்வேறு பெயர்களால் அழைக்கின்றனர். இப்பெயர்களைத் திசையால் அமைந்தவை, மதிலால் அமைந்தவை, தொழிலால் அமைந்தவை என மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

- ஐக்கிய அமெரிக்கா, கனடா: "டவுன்டவுன்" என்பது பொதுப் பெயர். நியூயார்க்கின் மன்காட்டன் தீவில், தொடக்ககாலக் குடியிருப்பு அமைந்திருந்த தென்முனை "டவுன்டவுன்" எனவும், வடபகுதி "அப்டவுன்" எனவும் வழங்கின. பின்னர் பிற நகரங்களிலும் இச்சொல் திசைப் பொருளை இழந்து வணிக மையத்தைக் குறிக்கலாயிற்று. சிக்காகோவில் இப்பகுதி "லூப்" எனப்படுகின்றது. பிலடெல்பியாவில் "சென்டர் சிட்டி" என்பர்.
- ஐக்கிய இராச்சியம்: "சிட்டி சென்டர்", "டவுன் சென்டர்" என்பன பொதுவானவை. இலண்டனில் "த சிட்டி" என்றால், அது பழைய மதிலுக்குள் வளர்ந்த நிதி மையத்தை மட்டுமே குறிக்கும். அதன் பரப்பளவு ஏறத்தாழ ஒரு சதுர மைல் என்பதால் "சதுர மைல்" என்ற பெயரும் உண்டு.
- ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா: புவியியலாளர்களின் கலைச்சொல்லான "சி.பி.டி." இந்நாடுகளில் அன்றாடப் பேச்சிலும் வழங்குகின்றது.
- செருமனி: "இன்னன்ஸ்டாட்", அதாவது உள்நகரம். பழைய மதிலின் உட்புறத்தை நினைவூட்டும் பெயர்.
- பிரான்சு: "சான்டர்-வீல்", அதாவது நகர மையம். ஆயினும், பாரிசின் உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் பல, நகர எல்லைக்கு வெளியேயுள்ள லா தெபான்சு பகுதியில் அமைந்துள்ளன.
- சப்பான்: "தோசின்", அதாவது நகரின் நெஞ்சு. தோக்கியோவில் சிஞ்சுக்கு, சிபுயா போன்றவை துணை மையங்களாக வளர்க்கப்பட்டன.
- சிங்கப்பூர்: ராபிள்ஸ் பிளேஸ், ஷென்டன் வே ஆகியவற்றைச் சூழ்ந்த நிதிப் பகுதிக்கு, அதன் வடிவம் கருதி "கோல்டன் ஷூ" (தங்கக் காலணி) என்ற பெயர் ஏற்பட்டது. இங்குள்ள மார்க்கெட் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் அமைத்து வட்டித் தொழில் நடத்தினர்.
- இலங்கை: கொழும்பில் "கோட்டை", "புறக்கோட்டை" என இரு பெயர்கள் அடுத்தடுத்து உள்ளன. கோட்டைப் பகுதியில் வங்கிகளும் அலுவலகங்களும், புறக்கோட்டையில் கடைகளும் மொத்த வணிகமும் வளர்ந்தன. கோட்டை மதில்கள் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடிக்கப்பட்டுவிட்ட போதிலும் பெயர் நிலைத்துவிட்டது.
- இந்தியா: மும்பையில் "போர்ட்" (கோட்டை), கொல்கத்தாவில் பி.பா.தி. பாக் (பழைய டல்ஹவுசி சதுக்கம்), தில்லியில் கன்னாட் பிளேஸ் ஆகியவை பழைய மையங்கள்.

## தமிழ்ச் சொற்கள்

தமிழில் வணிக மையத்தைக் குறிக்கும் சொற்கள் பல. அங்காடி, ஆவணம் என்பன பழைய சொற்கள். பூம்புகாரில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையில் நாளங்காடி அமைந்திருந்ததைச் சிலப்பதிகாரம் விவரிக்கின்றது. இரு குடியிருப்புப் பகுதிகளுக்கும் பொதுவான இடத்தில் சந்தை அமைவது, மைய வணிகப் பகுதியின் அடிப்படை இயல்புகளுள் ஒன்று.

"பேட்டை" என்பது கோட்டைக்கோ நகருக்கோ வெளியே அமைந்த வணிகக் குடியிருப்பைக் குறிக்கும். கொழும்பின் புறக்கோட்டைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் "பெட்டா" என்ற பெயர் இச்சொல்லிலிருந்து வந்ததே. பெங்களூரின் பழைய நகரமும் கன்னடத்தில் "பேட்டே" எனப்படுகின்றது. வட ஆற்காட்டுப் பகுதியில் இராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை என இச்சொல் ஊர்ப்பெயர்களிலேயே உள்ளது.

இவை தவிர, கடைத்தெரு, கடைவீதி, சாவடி, மண்டி, பஜார் ஆகிய சொற்களும் வழக்கில் உள்ளன. மண்டி என்பது மொத்த வணிகம் நடக்கும் இடம். பேச்சு வழக்கில் "டவுன்" என்ற ஆங்கிலச் சொல்லும் பரவலாக உள்ளது. திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலைச் சூழ்ந்த பகுதி "டவுன்" என்றும், தொடர்வண்டி நிலையத்தைச் சூழ்ந்த பகுதி "ஜங்ஷன்" என்றும் வேறுபடுத்தப்படுகின்றன.

## கோட்பாடுகள்

சிக்காகோ சமூகவியலாளர் ஏர்னெஸ்ட் பர்கெஸ் 1925 ஆம் ஆண்டில் வெளியிட்ட வட்ட வலய மாதிரியில், நகரம் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த ஐந்து வளையங்களாகக் காட்டப்பட்டது. இவற்றுள் நடுவிலுள்ளதே மைய வணிகப் பகுதி. 1939 இல் ஓமர் ஒயிட் வளையங்களுக்குப் பதிலாக ஆரைத் துண்டங்களைக் கொண்ட மாதிரியை முன்வைத்தார். ஒரு நகரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மையங்கள் இருக்கலாம் என்பதை 1945 இல் ஆரிசும் உல்மனும் எடுத்துக்காட்டினர்.

மையத்தில் நில மதிப்பு ஏன் கூடுகின்றது என்பதை வில்லியம் அலோன்சோ 1964 இல் ஏலத்தை ஒத்த முறையில் விளக்கினார். எல்லோரும் எளிதில் வந்து சேரக்கூடிய இடத்தில் கடை வைப்பவருக்கு வருவாய் மிகுதி. எனவே, அவரால் கூடுதல் வாடகை தர இயலும். வீடு தேடுபவரால் அத்தொகையைத் தர இயலாது. மையத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல வணிகரின் கேள்வி விலை விரைவாகவும், குடியிருப்போரின் கேள்வி விலை மெதுவாகவும் குறைகின்றன. இதனால் கடைகள் நடுவிலும் வீடுகள் புறத்திலும் அமைகின்றன என்பது இக்கோட்பாடு.

## எல்லையை அளத்தல்

மைய வணிகப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை அளக்க, அமெரிக்கப் புவியியலாளர்களான மர்பி, வான்சு ஆகியோர் 1954 ஆம் ஆண்டில் ஒரு முறையை வகுத்தனர். இதில் ஒவ்வொரு தெருக்கட்டத்துக்கும் இரண்டு எண்கள் கணிக்கப்படும்.

- உயரச் சுட்டெண்: மைய வணிகப் பயன்பாட்டிலுள்ள மொத்தத் தளப் பரப்பைத் தரைத்தளப் பரப்பால் வகுக்க வருவது. இது 1 அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும்.
- செறிவுச் சுட்டெண்: எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பில் மைய வணிகப் பயன்பாட்டின் விழுக்காடு. இது 50 அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு கட்டத்தில் தரைத்தளம் 1,000 சதுர மீட்டர், மூன்று மாடிகளும் சேர்த்து 3,000 சதுர மீட்டர் எனக் கொள்வோம். இதில் 1,500 சதுர மீட்டரில் கடைகளும் அலுவலகங்களும் இருந்தால் உயரச் சுட்டெண் 1.5, செறிவுச் சுட்டெண் 50. எனவே, அக்கட்டம் மைய வணிகப் பகுதிக்குள் அடங்கும். தரைத்தளத்தில் மட்டும் கடைகளும் மேல் மாடிகளில் வீடுகளும் இருந்தால் உயரச் சுட்டெண் 1, செறிவுச் சுட்டெண் ஏறத்தாழ 33. எனவே, அக்கட்டம் அடங்காது.

இம்முறை அமெரிக்க நகரங்களை ஆய்ந்து உருவாக்கப்பட்டது. இந்திய நகரங்களின் கடைத்தெருக்களில் "கீழே கடை, மேலே வீடு" என்பது வழமையான அமைப்பு. மேலும், மொத்த வணிகம், கிடங்குகள், தொழிற்சாலைகள், அரசு மற்றும் பொது நிறுவனக் கட்டடங்கள் ஆகியவற்றை இம்முறை மைய வணிகப் பயன்பாடாக ஏற்பதில்லை. எனவே, இதனை அப்படியே பயன்படுத்தினால் இந்திய நகரங்களின் மிக நெரிசலான வணிகத் தெருக்கள் பல கணக்கிலிருந்து விடுபட்டுப்போகும்.

## சென்னை

ஜார்ஜ் டவுன், புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே வளர்ந்த பகுதி. "கறுப்பர் நகரம்" என அழைக்கப்பட்ட இதற்கு 1911 இல் இப்பெயர் இடப்பட்டது. துறைமுகம், உயர் நீதிமன்றம், வங்கிகள், மொத்த வணிகத் தெருக்கள் ஆகியவை இங்கே அருகருகே அமைந்தன. இப்பகுதியின் தலைவாயிலான பாரிமுனை, 1788 இல் தொடங்கிய பாரி நிறுவனத்தின் பெயரால் வழங்குவது. இவ்வாறு ஒரு நிறுவனத்தின் பெயரே இடத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

20 ஆம் நூற்றாண்டில் மையம் தெற்கு நோக்கி நகர்ந்தது. அண்ணா சாலையில் 14 மாடிகளைக் கொண்ட எல்.ஐ.சி. கட்டடம் 1959 இல் திறக்கப்பட்டது. தியாகராய நகர் சில்லறை வணிகத்தின் மையமாயிற்று. கொத்தவால் சாவடியின் காய்கறிச் சந்தை 1996 இல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் தரமணியில் திறக்கப்பட்ட டைடல் பூங்காவைத் தொடர்ந்து பழைய மாமல்லபுரம் சாலை மென்பொருள் அலுவலகங்களின் பகுதியாக வளர்ந்தது. இன்று சென்னைக்கு ஒரு மையம் அல்ல, பல மையங்கள் உள்ளன எனலாம்.

## வேலூர்

வேலூரின் வணிகப் பகுதி, 16 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கோட்டைக்கு வெளியே அமைந்துள்ளது. லாங்கு பஜார், மெயின் பஜார், மண்டி வீதி, நேதாஜி மார்க்கெட் ஆகியவை இதன் முதன்மையான பகுதிகள். 1900 ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடரால் தொடங்கப்பட்ட கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இவற்றுக்கு அருகிலேயே உள்ளது. மேற்கு வங்காளம், வடகிழக்கு மாநிலங்கள் முதலிய இடங்களிலிருந்து வரும் நோயாளிகளையும் அவர்களின் உறவினரையும் நம்பி விடுதிகள், உணவகங்கள், மருந்துக் கடைகள் எனத் தனி வணிகமே வளர்ந்துள்ளது. இங்கு வங்காள எழுத்திலும் பெயர்ப்பலகைகளைக் காணலாம்.

மர்பி, வான்சு முறையின்படி மருத்துவமனை, கோட்டை, மண்டிகள் ஆகிய மூன்றும் மைய வணிகப் பயன்பாடுகள் அல்ல. ஆனால், வேலூரின் மையத்தை உருவாக்கியவை இம்மூன்றே. ஒரு நகரத்தின் மையத்தை அறிய, அங்கே உள்ள கடைகளை எண்ணுவதோடு, மக்கள் அங்கே எதற்காக வருகின்றனர் என்பதையும் பார்க்கவேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

## மையமும் சுற்றுப்புறமும்

சிறிய ஊர்கள் பெரிய ஊர்களையும், பெரிய ஊர்கள் மாநகரங்களையும் சார்ந்திருக்கும் அடுக்கு முறையை வால்ட்டர் கிறிஸ்டாலர் 1933 ஆம் ஆண்டில் மைய இடக் கோட்பாடாக விளக்கினார். பாலாற்றுப் பகுதியில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

வேலூருக்கு மேற்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் உள்ள விரிஞ்சிபுரம், மதிலழகுக்குப் பெயர்பெற்ற மார்க்கபந்தீசுவரர் கோயிலைக் கொண்டது. இறைவனின் மற்றொரு பெயர் வழித்துணைநாதர். கள்வருக்கு அஞ்சிய வணிகர் ஒருவருக்கு இறைவன் வழித்துணையாகச் சென்றார் எனத் தலபுராணம் கூறுகின்றது. வணிகப் பாதையில் அமைந்த ஊர் என்பதை இக்கதை உணர்த்துகின்றது. ஆயினும், இவ்வூரில் மைய வணிகப் பகுதி என ஒன்று உருவாகவில்லை. அன்றாடத் தேவைகளுக்கு உள்ளூர்க் கடைகளும், பெரிய தேவைகளுக்கு வேலூரும் என்ற நிலை இத்தகைய ஊர்களுக்குப் பொதுவானது.

இதே பாதையில் மேற்கே உள்ள ஆம்பூர், வாணியம்பாடி, ஆம்பூருக்கு வடக்கே உள்ள பேரணாம்பட்டு, கிழக்கே உள்ள இராணிப்பேட்டை ஆகியவை தோல் பதனிடும் ஊர்கள். ஆவாரம்பட்டையால் பாதி பதனிடப்பட்ட தோல், சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்று இலண்டன் ஏலங்களில் விற்கப்பட்டது. பதனிடாத தோலின் ஏற்றுமதி 1973 இல் தடை செய்யப்பட்டு, முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணிகளும் ஊக்குவிக்கப்பட்டன. இத்தொழிலின் வணிக மையமாக, சென்னை சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய பெரியமேடு வளர்ந்தது. தோல் மண்டிகளும் தரகர்களும் ஒரே இடத்தில் இருந்ததால் விலை பேசுவதும் கடன் பெறுவதும் அங்கே எளிதாயின. பொருள் உருவாகும் இடமும் அதன் விலை முடிவாகும் இடமும் வெவ்வேறாக இருப்பதை இங்கே காணலாம்.

ஆதாயம் மையத்தை நோக்கிச் செல்லும் அளவுக்குக் கழிவு செல்வதில்லை. பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதாக மதிப்பிடப்பட்டிருந்ததை அத்தீர்ப்பு சுட்டிக்காட்டியது. மாசுபடுத்துபவரே இழப்பை ஈடுசெய்யவேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்பதையும் அது உறுதிப்படுத்தியது. மையத்தில் உயரும் நில மதிப்பை மட்டும் கணக்கிடும் மாதிரிகளில், அம்மையத்துக்குப் பொருள் அனுப்பும் ஊர்களில் குறையும் நில மதிப்பு இடம்பெறுவதில்லை.

## இவற்றையும் பார்க்கவும்

- நகர்ப்புறப் புவியியல்
- மைய இடக் கோட்பாடு
- ஜார்ஜ் டவுன், சென்னை
- புறக்கோட்டை
- பாலாறு